காற்று இழுக்காத மேனிஃபோல்டு: ஒரு துண்டு அலுமினியத்தோடு ஐந்து மாதம்

ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். என்ஜின் நடுவில் எங்கும் தொங்கி நிற்காமல் நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு இறங்கி, அங்கேயே அமைதியாக ஓடியது. இந்தக் காட்சியைப் பார்ப்பதற்கு எனக்கு ஐந்து மாதங்களும், குப்பைக்குப் போன ஒரு மேனிஃபோல்டும், உப்பிப்போன ஒரு சிலிக்கான் குழாயும், நாற்பதுக்கு மேற்பட்ட உப்புத்தாள்களும் தேவைப்பட்டன. மேனிஃபோல்டு என்பது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் உள்ள 58 மி.மீ. தூரத்தை இணைக்கும் குழாய்த் துண்டு; அதைச் செய்வதற்கு இவ்வளவு காலமா என்று கேட்டால், குழாயைச் செய்ய ஒரு நாள் போதும்; அதன் இரண்டு முனைகளிலும் காற்று நுழையாமல் செய்யத்தான் மீதிக் காலம் போயிற்று. செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன், தவறிய இடங்களையும் சேர்த்து.

வண்டி காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் கொண்ட பழைய மோட்டார் சைக்கிள். அதன் மேனிஃபோல்டு, அலுமினியத் தகட்டின்மேல் ரப்பரை வார்த்து ஒட்டிய வகை. உற்பத்தி நின்றுபோன பாகம் என்பதால் புதிது கிடைக்கவில்லை. கிடைத்த பழையவை எல்லாம் என்னுடையதைப் போலவே வெடித்திருந்தன.

ஆனால் வெடிப்பைக் கண்டுபிடிப்பதற்கே இரண்டு மாதம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த என்ஜின் சோக் போட்டால் மட்டும் ஓடும். சூடானதும் ஸ்லோ ஸ்பீடு தானாக 2,500 வரை ஏறி, இறங்க மறுக்கும். ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வரும்போது சைலன்ஸரில் பட்பட்டென்று வெடிக்கும். பிளக்கின் வெண்பகுதி சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். இவை நான்கும் சேர்ந்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். நானோ கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன், மிதவை மட்டத்தைச் சரிபார்த்தேன், வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். அதுவும் போதாமல், பெட்ரோல் குறைவாக வருகிறது என்று முடிவுகட்டி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைகளான ஜெட்டுகளைப் பெரிதாக்கினேன்: சிறு திறப்புக்கான பைலட் ஜெட்டை 38-லிருந்து 42-க்கும், மெயின் ஜெட்டை 98-லிருந்து 105-க்கும் மாற்றினேன். மெயின் ஜெட் வேலை செய்வது ஆக்சிலேட்டரின் பெரிய திறப்பில். கசிவு தன்னைக் காட்டிக்கொள்வது, உள்ளே வெற்றிடம் அதிகமாக இருக்கும் சிறு திறப்பில். ஆக, மெயின் ஜெட்டை மாற்றியது நோய்க்குச் சம்பந்தமே இல்லாத மருந்து. இதன் விளைவைப் பின்னால் அனுபவித்தேன்.

கடைசியில் உண்மையைக் காட்டியது ஒரு தண்ணீர்த் தெளிப்பான். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள், அருகிலேயே சூடான சைலன்ஸர் குழாய் இருக்கிறது என்பதால் நான் வெறும் தண்ணீரையே பயன்படுத்தினேன். என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது மேனிஃபோல்டின் அடிப்பக்கத்தில் ஒருமுறை தெளித்ததும், சத்தம் ஒரு நொடி மாறித் தடுமாறிற்று. மேலே இருந்து பார்த்தால் ரப்பர் நன்றாகவே தெரிந்தது. கழற்றி வளைத்தபோதுதான், அலுமினியத் தகடும் ரப்பரும் சேரும் கோட்டில், அடியில், அரை வட்டத்துக்கு வெடிப்பு விட்டிருந்தது.

முதலில் ஒட்டுப்போட்டேன். வெடிப்பைப் பெட்ரோலால் துடைத்து, காயவைத்து, கேஸ்கெட்டுக்குப் போடும் சாதாரண சிலிக்கான் பசையைத் திணித்து, ஒரு நாள் இறுகவிட்டேன். ஒன்பது நாள் தாங்கியது. பசை பெட்ரோலில் ஊறித் தயிராடைபோல் உரிந்து வந்தது. அதில் ஒரு துணுக்கு உள்ளே போயிருக்குமோ என்ற கவலை இன்னும் எனக்கு இருக்கிறது. அடுத்து இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி. அது பெட்ரோலைத் தாங்கியது. ஆனால் ரப்பர் அசையும், எபாக்ஸி அசையாது என்பதால், நான்காம் நாளே ஓரத்தில் விட்டுக்கொண்டது. அதன்பிறகுதான் அலுமினியத்தில் ஒன்று செய்வது என்று முடிவு செய்தேன்.

அளவெடுப்பதில் நான் அவசரப்படவில்லை, ஆனாலும் தவறினேன். வெர்னியரில் எடுத்த அளவுகள் இவை: ஹெட்டில் காற்றுத் துவாரத்தின் விட்டம் 26.4 மி.மீ.; கார்புரேட்டரின் என்ஜின் பக்கத் துவாரம் 26; அதன் வெளிக்கழுத்தின் விட்டம் 35, பிடிமான நீளம் 20; ஹெட்டில் இரண்டு எம்6 மரை, மையத்துக்கு மையம் 60, மரையின் ஆழம் 15. அந்த இரண்டு மரைகளும் கிடைக்கோட்டில் இல்லை. சுமார் 30 டிகிரி சாய்வில், குறுக்காக இருந்தன. ஹெட்டின் முகத்திலிருந்து கார்புரேட்டரின் கழுத்து விளிம்பு வரை பழைய ரப்பரில் 58 மி.மீ. இருந்தது. இந்த நீளத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் கார்புரேட்டரின் பின்பக்கம் ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயோடு பொருந்தாது.

சாய்வுக் கோணத்தை எடுப்பதுதான் கொஞ்சம் சிரமம். ஹெட்டின் முகம் நேர்க்குத்தாக இல்லை. கார்புரேட்டரோ மிதவைக் கிண்ணம் மட்டமாக இருக்கும்படி நிற்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து இரண்டு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன். பிறகு தடித்த அட்டையில் ஃபிளேஞ்ச் (ஹெட்டில் வைத்து போல்ட் போடும் அடித்தகடு) ஒன்று வெட்டி, சுருட்டிய அட்டைக் குழாயைச் சூடான பசையால் ஒட்டி, ஒரு கையால் கார்புரேட்டரைப் பிடித்துக்கொண்டு, சரியான சாய்வு வரும்வரை அந்தக் குழாயின் அடியைச் சீவிக்கொண்டே போனேன். கோணமானியில் 22 டிகிரி வந்தது. அந்த அட்டை மாதிரியை இன்னும் வைத்திருக்கிறேன். இந்த வேலை முழுவதிலும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது அது ஒன்றுதான்.

முதல் மேனிஃபோல்டுக்குப் பொருளை வாங்கவில்லை. பட்டறையில் கிடந்த பழைய என்ஜின் மூடி ஒன்றிலிருந்து ஹாக்ஸாவால் ஃபிளேஞ்சை அறுத்தெடுத்தேன். கனம் 9 மி.மீ. இருந்தது, இலவசமும்கூட. குழாய்க்குத் தனியே ஒரு துண்டு. இரண்டையும் ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் கொண்டுபோனபோது, அவர் முதல் சொட்டு உருகியதுமே கையை எடுத்துவிட்டு, “இது வார்ப்பு உலோகம் தம்பி, எண்ணெய் குடித்திருக்கிறது, கக்கிக்கொண்டே இருக்கிறது பாருங்கள்” என்றார். உருகிய இடம் கறுத்து, நுரைத்து, ஊசித் துவாரங்களாக இருந்தது. பல ஆண்டுகள் சூடான எண்ணெயில் கிடந்த வார்ப்பு, எவ்வளவு துடைத்தாலும் வெப்பம் பட்டதும் உள்ளிருப்பதை வெளியே விடும். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் முடித்துத் தரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஹெட்டில் வைத்துப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. ஃபிளேஞ்சின் வரைபடத்தைப் பழைய பேக்கிங் தாளை வைத்து எடுத்திருந்தேன். குழாயை ஒட்டியதோ ஹெட்டைத் தொட வேண்டிய முகத்தில். துளைகள் குறுக்காக இருப்பதால், முகம் மாறினால் சாய்வு கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிவிடும். போல்ட் துளைகளைப் பொருத்தினால் குழாய் மேல்நோக்கிப் பார்க்காமல் பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டை நோக்கி 60 டிகிரி சாய்ந்து நின்றது. சமச்சீரான தகட்டில் இந்தத் தவறு வெல்டிங்குக்கு முன்னால் கண்ணுக்கே தெரியாது, திருப்பிப் போட்டால் போதும். வெல்டிங்குக்குப் பின்னால் அதற்கு மருந்தில்லை. இரண்டாவது தடவை, ஹெட்டைத் தொடும் முகத்தில் முதல் வேலையாகச் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி அடித்தேன்.

குப்பைக்குத்தான் போகப்போகிறது என்றாலும், முதல் மேனிஃபோல்டை வைத்து ஒன்று கற்றுக்கொண்டேன். நேர்விளிம்பு ஒன்றை ஃபிளேஞ்சின் முகத்தில் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள்) நுழைத்தால், போல்ட் துளைகள் உள்ள காதுகளின் பக்கம் 0.6 மி.மீ. இடைவெளி இருந்தது. வெல்டிங் குளிரும்போது குழாயின் பக்கமாகத் தகட்டைச் சுருக்கி இழுத்துவிடுகிறது. காதுகள் பின்னால் மடங்கி, ஹெட்டைத் தொடும் முகம் நடுவில் புடைத்து நிற்கிறது. பேக்கிங் தாள் இதை ஈடுகட்டாது. போல்ட்டை இறுக்கி வளைவை நிமிர்த்தலாம் என்று நினைப்பதும் ஆபத்து: ஹெட்டில் இருப்பது அலுமினிய மரை, முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான்.

இரண்டாவது மேனிஃபோல்டுக்குப் பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். 10 மி.மீ. கனத்தில் 6061 வகை அலுமினியத் தகடு, அதே வகையில் 38 மி.மீ. தண்டு. இந்த வகைக்கு 4043 நிரப்புக்கம்பி பொருந்தும் என்பது வெல்டிங் செய்பவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. விமானப் பாகத்துக்கான வலுவான அலுமினியம் என்று சொல்லி விற்கப்படும் 7075 வகையை வாங்கிவிடாதீர்கள். அது வெல்டிங்கில் விரிசல் விடும்.

தண்டை லேத்தில் கொடுத்து, உள்ளே 26 மி.மீ. துளையும், வெளியே 35 மி.மீ. விட்டமும், முனையில் மட்டும் 3 மி.மீ. அகலத்துக்கு 36.5 மி.மீ. வளையமும் வரும்படி கடைந்து வாங்கினேன். அந்தச் சிறு வளையம்தான் ரப்பர்க் குழாய் நழுவாமல் பிடித்து வைக்கிறது. குழாயை வளைக்க வேண்டிய தேவையே இல்லை: அடியை 22 டிகிரி சாய்வாக அறுத்து, தகட்டின்மேல் நிறுத்தினால் போதும். மைய நீளம் 36 மி.மீ.; சாய்வினால் குறும்பக்கம் 29, நெடும்பக்கம் 43. இதில் கவனிக்க வேண்டியது, சாய்வாக அறுத்த வட்டத் துளை வட்டமாக இருக்காது. அடியில் 26-க்கு 28 என்று நீள்வட்டமாகிவிடும். தகட்டின் துளை 26 மி.மீ. வட்டம். ஆகவே மேலும் கீழும் 1 மி.மீ. படி விழும். அதை வெல்டிங்குக்குப் பிறகு அரைவட்ட அரத்தால் சரித்துச் சமப்படுத்த வேண்டும். உள்முகத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றத் தேவையில்லை. 120-ஆம் எண் உப்புத்தாளின் சொரசொரப்போடு விட்டேன்.

ஹெட்டைத் தொடும் முகத்தில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை எப்போது வெட்டுவது என்பதில் லேத்காரரோடு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். வெல்டிங்குக்குப் பிறகு வெட்டுவதே முறை. ஆனால் குழாய் சாய்ந்து நிற்பதால், அதன்பின் லேத்தின் சக்கில் பிடிக்க வழியில்லை. முன்னாலேயே வெட்டினால், வளைந்த முகத்தைத் தேய்க்கும்போது பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடும். கடைசியில், தேய்மானத்தைக் கணக்கில் எடுத்து, ஆழமாகவே முன்கூட்டி வெட்டிவிடலாம் என்று அவரே வழி சொன்னார். ஓ-ரிங்கின் தடிமன் 2.5 மி.மீ., உள்விட்டம் 32. வேண்டிய இறுதி ஆழம் 2.0, அதாவது ஐந்தில் ஒரு பங்கு நசுங்க வேண்டும். 2.3 ஆழத்துக்கு வெட்டினோம். அகலம் 3.3. பள்ளத்தின் உட்சுவரையும் சரியாக 32 மி.மீ. விட்டத்தில் வைத்தோம்: இங்கே வெற்றிடம் இருப்பது உள்ளே, வெளிக்காற்று ஓ-ரிங்கை உள்நோக்கித் தள்ளும், ஆகவே அது சாய்ந்துகொள்ள உட்சுவர் வேண்டும். எண்ணெய் அழுத்தத்துக்கான மூடிகளில் இதற்கு நேர்மாறாக வெளிச்சுவரில் சாயும்படி வைப்பார்கள். அதையே பார்த்துப் பழகிய கை இங்கே எளிதில் தவறிவிடும். ஓ-ரிங்குக்கு விட்டான் ரகத்தையே தேர்ந்தெடுத்தேன், பெட்ரோலையும் சூட்டையும் சேர்த்துத் தாங்கும் என்பதால்.

வெல்டிங்குக்குப் போகும்முன் இரண்டு துண்டுகளையும் எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, கை படாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனேன். அந்தப் பிரஷ் இரும்பைத் தொட்டிராத புதிய பிரஷ்ஷாக இருக்க வேண்டும். தகட்டை 12 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில் அதே 60 மி.மீ. இடைவெளியில் போல்ட் போட்டு இறுக்கி, அந்த நிலையிலேயே வெல்டிங் செய்யச் சொன்னேன். ஆறும்வரை கழற்றவும் விடவில்லை. குழாயின் அடி விளிம்பைச் சரித்து வைத்திருந்ததால் உருகிய உலோகம் உட்பக்கம் வரை இறங்கியது. முதல் மேனிஃபோல்டில் 0.6 ஆக இருந்த வளைவு இதில் 0.25 ஆகக் குறைந்தது.

அந்த 0.25-ஐ எடுக்க இரண்டு மாலைகள் ஆயின. 10 மி.மீ. கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, ஃபிளேஞ்சின் முகத்தில் மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டு, கட்டம் எங்கே அழிகிறது என்று பார்த்துக்கொண்டே தேய்த்தேன். 120-இல் தொடங்கி 220, முடிவில் 400. முதல் மாலை முழுவதும் வீண்: குழாயைக் கைப்பிடிபோல் பிடித்துத் தேய்த்ததால் ஃபிளேஞ்ச் ஆடி, ஓரங்கள் உருண்டுபோயின. விரல்களை ஃபிளேஞ்சின் மேலேயே தாழ்வாக வைத்து, எட்டு வடிவில் இருபது தேய்ப்புக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்பித் தேய்த்தபோதுதான் முகம் சமமாக வந்தது. முடிவில் 0.05 மி.மீ. இலை எங்கும் நுழையவில்லை. தகட்டின் கனம் 9.7, பள்ளத்தின் ஆழம் 2.0. லேத்காரரின் கணக்கு அப்படியே வந்தது.

காற்றுச் சோதனையை வண்டியில் பொருத்தும் முன்பே செய்தேன். ஃபிளேஞ்சின் முகத்தை ரப்பர்த் தாளும் பட்டையும் வைத்து அடைத்து, மறுமுனையில் சைக்கிள் டியூபின் வால்வு பொருத்திய ரப்பர் மூடியைக் கிளாம்பால் கட்டி, வாளித் தண்ணீரில் மூழ்கடித்து, பம்பால் 0.5 பார் அழுத்தம் ஏற்றினேன். வெல்டிங் முடிந்த இடத்தில் ஒரே ஒரு குமிழிச் சரம் எழுந்தது. ஊசி முனையளவு துவாரம். அதே இடத்தைக் கீறி மறுபடி ஒரு சொட்டு வைத்ததும் அடைந்தது. (அந்தச் சொட்டு முகத்தை மறுபடி வளைத்திருக்குமோ என்று பயந்து ஃபீலர் கேஜை எடுத்தேன், வளைக்கவில்லை.)

பொருத்தும்போது மூன்று தடங்கல்கள். மேல் போல்ட்டின் தலைக்கு நேர் மேலே குழாய் சாய்ந்து நிற்பதால் ஸ்பேனர் நுழையவில்லை. அலன் தலை போல்ட்டும், உருண்டை முனை அலன் கீயும் வாங்க வேண்டியிருந்தது. மேல் போல்ட்டை ஃபிளேஞ்சில் செருகிய நிலையிலேயே மேனிஃபோல்டை ஹெட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டும், பிறகு செருக இடமில்லை. அதற்கும் வெல்டிங்கின் தடித்த ஓரத்தை அரத்தால் ராவி வழிவிட்டேன். மூன்றாவதுதான் உண்மையான பொறி. கையில் இருந்த 30 மி.மீ. நீள போல்ட்டைப் போட்டு, டார்க் ரெஞ்சில் 10 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினேன், ரெஞ்ச் சொடுக்கியது, ஆனால் மேனிஃபோல்டு கையால் ஆட்டினால் ஆடியது. 9.7 மி.மீ. தகடும் 1.6 மி.மீ. வாஷரும் போக 18.7 மி.மீ. மரைக்குள் போக வேண்டும். மரையின் ஆழமோ 15. போல்ட் அடியில் முட்டி நின்றிருக்கிறது, ஃபிளேஞ்சைத் தொடவே இல்லை. 25 மி.மீ. போல்ட் மாற்றியதும் சரியாயிற்று.

கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் இணைக்கச் சிலிக்கான் குழாய் வாங்கினேன். பார்க்க அழகு, நான்கு அடுக்கு, சூட்டைத் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்தது. சூட்டைத் தாங்கத்தான் செய்தது, பெட்ரோலைத் தாங்கவில்லை. மூன்றாவது வாரம் கழற்றியபோது 35 மி.மீ. உள்விட்டம் 37 ஆகி, உட்சுவர் பிசுபிசுத்து, கிளாம்புக்கு அடியில் சுருங்கி மடிந்திருந்தது. இதற்கு முன் சிலிக்கான் பசை உரிந்ததைக் கண்ணால் பார்த்திருந்தும், அதே பொருளில் குழாயை வாங்கியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. இப்போது இருப்பது துணி பொதிந்த நைட்ரைல் ரப்பர்க் குழாய், சுவர் 5 மி.மீ., நீளம் 44: கார்புரேட்டர் பக்கம் 20, மேனிஃபோல்டு பக்கம் 18, நடுவில் 6 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியை விட்டது வேண்டுமென்றேதான். இரண்டு உலோகங்களும் முட்டிக்கொண்டால் என்ஜினின் அதிர்வு நேராகக் கார்புரேட்டருக்குப் போய், மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைக்கும். கிளாம்பும் உட்பக்கம் வழுவழுப்பானதாக இருக்க வேண்டும். பட்டையில் வெட்டுகள் உள்ள வகை ரப்பரைக் கடித்து அறுக்கிறது.

குழாயை மாற்றிய பிறகும் ஒரு குறை மிச்சமிருந்தது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் எளிதில் கிளம்பாது. பழைய ரப்பர் வெப்பத்தை மறித்து வைத்திருந்தது. அலுமினியமோ ஹெட்டின் சூட்டை அள்ளிக் கொண்டுவந்து கார்புரேட்டரின் வாசலில் வைத்தது. அகச்சிவப்பு வெப்பமானியில் முதலில் பார்த்தபோது ஃபிளேஞ்ச் 50 டிகிரிதான் காட்டியது, தொட்டால் விரல் சுட்டது. பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைத்தே காட்டும். மங்கலான கறுப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்து, அதைக் குறிபார்த்து அளந்தபோது 92 டிகிரி. கார்புரேட்டரின் உடல் 58.

ஹெட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் இடையில், சூட்டை எளிதில் கடத்தாத 6 மி.மீ. பேக்லைட் தகடு ஒன்று வைத்தேன். துளை 26.4, ஹெட்டின் துவாரத்துக்குச் சமம். மேனிஃபோல்டின் 26-லிருந்து காற்று போகும் திசையில் துளை அகலமாவதால் எந்த விளிம்பும் அதன் வழியில் துருத்தி நிற்காது. பேக்லைட்டை அடியில் மரக்கட்டை கொடுக்காமல் துளையிட்டால் மறுபக்கம் பெயர்ந்துவிடும். முதல் தகடு அப்படித்தான் போயிற்று. அதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, முகமூடி வேண்டும். ஓ-ரிங் பேக்லைட்டின்மேல் அமர்கிறது. பேக்லைட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் 0.5 மி.மீ. பேக்கிங் தாள். இந்த 6 மி.மீ.-க்காகக் குழாயை நறுக்க வேண்டியிருக்கவில்லை. 58 என்ற மொத்தக் கணக்கில் முன்பு 12 ஆக விட்டிருந்த இடைவெளி 6 ஆனது, அவ்வளவுதான். மேலே சொன்ன 44 மி.மீ. ரப்பரும் இதற்குப் பிறகு 50-லிருந்து வெட்டியதே. போல்ட்டும் மறுபடி 30 மி.மீ.-க்குத் திரும்பியது, இம்முறை மரைக்குள் 12 மி.மீ. மட்டுமே போகிறது. அதே ஓட்டத்துக்குப் பின் ஃபிளேஞ்ச் 64, கார்புரேட்டர் 43. சூடான என்ஜின் இப்போது இரண்டாவது உதையில் கிளம்புகிறது.

எல்லாம் முடிந்து ஓட்டினால், வண்டி கறும்புகை கக்கியது. பிளக் முழுவதும் கரி. கசிவை மறைப்பதற்காக முன்பு பெரிதாக்கிய ஜெட்டுகள், கசிவு நின்றதும் தங்கள் உண்மையான அளவைக் காட்டிவிட்டன. 38-ஐயும் 98-ஐயும் தேடியெடுத்துத் திரும்பப் போட்டு, ஏர் ஸ்க்ரூவை ஒன்றே முக்கால் சுற்றில் வைத்ததும் பிளக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்தது. கழற்றிய பழைய ஜெட்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது இந்த வேலையில் நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று.

செலவைப் பார்த்தால், தகடும் தண்டும் மிகச் சொற்பம். பாதிக்கு மேல் லேத்துக்கும் இரண்டு தடவை வெல்டிங்குக்கும் போயிற்று. அதற்கடுத்த பெரிய தொகை, வீணான சிலிக்கான் குழாய். வெல்டிங் பட்டறைக்கு அலைந்ததை விட்டுவிட்டால், இரண்டாவது மேனிஃபோல்டுக்கு மட்டும் என் கைவேலை பதினெட்டு மணி நேரம். அதில் பதினொரு மணி நேரம் கண்ணாடியின்மேல் தேய்த்தது.

இன்னொன்று செய்தால் சிலவற்றை மாற்றுவேன். 10 மி.மீ. தகட்டுக்குப் பதில் 12 வாங்கி, வெல்டிங்குக்குப் பின் மில்லிங் இயந்திரத்தில் முகத்தையும் பள்ளத்தையும் ஒரே பிடியில் வெட்டச் சொல்வேன். இரண்டு மாலைகளின் உப்புத்தாள் வேலை மிச்சம். குழாயின் வெளிவிட்டம் அடியில் 33 இருந்தால் போதும், ரப்பர் பிடிக்கும் இடத்தில் மட்டும் 35. அப்போது மேல் போல்ட்டுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். பக்கவாட்டில் 4.2 மி.மீ. துளையிட்டு எம்5 மரை போட்டு, செம்பு வாஷரோடு ஒரு போல்ட்டால் அடைத்து வைப்பேன்; வெற்றிட மானியை மாட்டுவதற்கு அது உதவும். இப்போதுள்ளதில் அந்தத் துளையை வண்டியிலேயே போடலாம் என்று ஒருமுறை டிரில்லைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். பிசிறு ஒன்று வால்வுக்குள் விழுந்தால் என்னாகும் என்று நினைத்து வைத்துவிட்டேன்.

பொருத்தி 300 கி.மீ. ஆனபோது போல்ட்டுகளை மறுபடி பார்த்தேன். பேக்கிங் தாள் கொஞ்சம் அமுங்கியிருந்தது, இரண்டும் எட்டில் ஒரு சுற்று இறங்கின. 1,000 கி.மீ.-இல் அசையவில்லை. தண்ணீர்த் தெளிப்பானால் சுற்றிலும் அடித்துப் பார்த்தேன். என்ஜினின் சத்தம் மாறவில்லை.